ஏழு ஓட்டல் பில்கள்

ஆடிட்டர் அம்மா பில் கட்டை அக்காவின் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"எல்லாத்தையும் பயணச் செலவுன்னு போட்டா எப்படிம்மா? வேலை விஷயமா டாக்ஸியில போனது பயணம். கஸ்டமரைக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வச்சது விருந்து. வரிக்கணக்குல ரெண்டும் ஒண்ணில்ல. யாரோட சாப்பிட்டீங்க, எந்த வேலைக்காகன்னு ஒவ்வொரு பில்லுலயும் எழுதிக் கொண்டாங்க."

பதினோரு வருடமாக அக்காவும் தங்கையும் கூட்டாகப் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறார்கள். சாரத்தில் ஏறி ஆட்களை வேலை வாங்குவது அக்கா. தங்கை வாய் கெட்டிக்காரி. வேலை பிடித்து வருவது அவள். அவள் நீட்டும் பில்லுக்கு அக்கா மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்துவிடுவாள்.

ஏழு பில்கள் ஒரே ஓட்டலுடையவை. ஓரத்தில் 'ஆஸ்பத்திரி மேனேஜர்' என்று தங்கையின் கையெழுத்து. ஆஸ்பத்திரிதான் அவர்களுக்கு வருடம் முழுக்கச் சோறு போடும் வேலை. ஆனால் எதற்காகச் சந்தித்தாள் என்று எழுதவில்லை. தங்கை போனை எடுக்காததால், அக்கா மேனேஜரையே கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏழு தடவையும் நான்தாங்க," என்று சிரித்தார் அவர். "தங்கச்சியோட புது கம்பெனி விஷயமாத்தான். போன வாரம் அவங்க பேர்லயே ஒப்பந்தம் போட்டாச்சே! நீங்க ஓய்வெடுக்கப் போறீங்கன்னாங்க. முட்டிவலி இப்ப பரவாயில்லையா?"

அக்காவுக்கு முட்டி வலித்ததே இல்லை.

நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா கையிலிருந்த பில்களைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த ஆஸ்பத்திரி வேலையை நானே விட்டுக் குடுத்திருப்பேனேடி!" என்றாள் அக்கா.

"குடுப்பே. அதைப் போற இடமெல்லாம் சொல்லிட்டும் இருப்பே," என்றாள் தங்கை, தலை நிமிராமல். "மீட்டிங்ல உக்காந்ததும் 'இவளை நான்தான் வளர்த்தேன்'னு ஆரம்பிப்பே. எத்தனை வருஷம்க்கா அதைக் கேக்கறது?"

அக்கா ஏழு பில்களையும் திரும்ப மடித்துப் பையில் வைத்தாள்.

"சாப்பாட்டுக்காவது உன் காசைப் போட்டிருக்கலாம்ல," என்றாள் கடைசியில். தங்கை அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட ஆடிட்டர் அம்மா, கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க தொழிலுக்கு ஆன செலவே இல்லம்மா. விருந்துலயும் வராது, பயணத்துலயும் வராது. அவங்க சொந்தச் செலவு. பிரியறப்ப அவங்க பங்குல கழிச்சுக்கலாம்."

ஏழு பில்லிலும் அக்கா 'சொந்தச் செலவு' என்று எழுதினாள். ஒன்றில் மட்டும் பழக்கத்தில் 'பயணச் செலவு' என்று எழுதிவிட்டு, அடித்துத் திருத்தினாள்.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அக்காவே பெயின்டிங் வேலை பேசப் போனாள். அவளுக்குத் தங்கை மாதிரிப் பேச வரவில்லை. சுவரைத் தட்டித் தட்டி, ஈரம் எங்கே ஏறுகிறது என்று காட்டினாள். வேலை கிடைத்தது. வெளியே வந்ததும் சந்தோஷத்தில் போனை எடுத்துத் தங்கையின் நம்பரை அழுத்திவிட்டாள். மணி அடிக்கும் முன்பே பதறித் துண்டித்துவிட்டு, வாசற்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.