தொழுமரத்தின் ஆணி

பக்கத்து வீட்டு மரியநாயகியின் மகளுடைய கல்யாண ஆல்பத்தில் ஒரு கோட்டை இருந்தது. அதைப் பார்த்த நாள் முதல், தன் மகள் ஷிரோமியின் ஆல்பத்திலும் பழைய கட்டடங்கள் வேண்டுமென்று சுகிர்தத்துக்கு ஒரே ஆசை. மாப்பிள்ளை டெனிஸ்டன் இங்கிலாந்தில் இருந்தது வசதியாகப் போயிற்று. அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பழங்காலக் கிராமம். பாரிஸ் லா சப்பலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வாமதேவனைக் கல்யாணத்துக்கு முன்பே அங்கே படமெடுக்க அனுப்பிவைத்ததும் அவள்தான்.

வாமதேவன் கடைக் கணினியில் படங்களைக் காட்டினான். கருங்கல் தேவாலயம், தண்ணீரில் சக்கரம் சுழலும் மாவு ஆலை, முதுகு வளைந்த பாலம், ஒரு பக்கம் சாய்ந்த மரச் சத்திரம். எல்லாவற்றின் முன்னாலும் ஷிரோமி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"மரியநாயகிக்கு வயிறெரியப்போகுது," என்றாள் சுகிர்தம்.

அடுத்த படத்தில் மகள் சிரிக்கவில்லை. துளையிட்ட இரண்டு பலகைகளுக்கு நடுவே அவள் கால்கள் மாட்டியிருந்தன.

"இதென்ன தம்பி?"

"தொழுமரம் அக்கா. அந்தக் காலத்திலை கள்ளர், குடிகாரரை இதிலை பூட்டி ஊருக்குக் காட்டுறது." வாமதேவன் குரலைத் தாழ்த்தினான். "மாப்பிள்ளை பகிடிக்குத்தான் பூட்டினவர். 'இனி என்னைக் கேக்காமல் ஆரோடையும் கதைப்பியோ?' எண்டார். பிள்ளையும் முதல் சிரிச்சது. பிறகு அவர் சத்திரத்துக்குள்ளை போய் ஆறுதலாத் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தார். நல்ல மழை."

"நீர் பார்த்துக்கொண்டு நிண்டனீரோ?"

"'கிட்ட வராதேங்கோ அண்ணை' எண்டிட்டார். பலகையைப் பூட்டின ஆணியும் அவரின்ரை பொக்கற்றுக்குள்ளை."

வீட்டில் ஷிரோமி காலுறையைக் கழற்ற மறுத்தாள். சுகிர்தம் இழுத்தே கழற்றினாள். கணுக்காலைச் சுற்றி நீலம் பாரித்த வளையம்.

"ஸே ரியேன், மமொ."

பிரெஞ்சில் சொன்னாள், ஒன்றுமில்லையாம். அவள் கைப்பேசி அதிர்ந்தது; திரையில் டெனிஸ்டனின் பெயர். மகளின் தோள்கள் ஒடுங்கின.

"வேண்டாமெண்டால் சொல்லு பிள்ளை."

"ஹோல் எடுத்தாச்சு. கோயிலிலை ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. சனம் என்ன சொல்லும்?"

இதை மட்டும் ஷிரோமி தமிழில் சொன்னாள். காலமெல்லாம் தான் சொல்லிவந்த வசனத்தை மகளின் வாயில் கேட்டபோது சுகிர்தம் கையிலிருந்த காலுறையைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மூன்றாவது, கடைசிக் கல்யாண ஓலை அறிவிப்பு. டெனிஸ்டன் லண்டன் ரெயினில் வந்திறங்கி, தாய்க்கும் மகளுக்கும் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தான். விரல்களுக்கிடையே எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். சுகிர்தம் உற்றுப் பார்த்தாள். துருப்பிடித்த ஒரு பெரிய ஆணி.

சுவாமியார் இரண்டு பெயர்களையும் வாசித்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அந்த இடத்தில் யாரும் எழும்புகிற வழக்கமில்லை. சுகிர்தம் எழுந்தாள்.

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆணி உருளுவது நின்றது. டெனிஸ்டன் மெல்லத் திரும்பி, புன்னகையோடு சொன்னான்: "இருங்கோ மாமி."

ஷிரோமியின் கை அம்மாவின் சேலையைப் பற்றியது. இழுத்து இருத்தப் போகிறாளோ என்று பயந்து சுகிர்தம் குனிந்து பார்த்தாள். அந்தச் சேலையைப் பிடித்தபடியே மகளும் எழுந்துகொண்டிருந்தாள்.