ஒன்பதாம் கட்டத்தில் ஜெயித்தவர்

‘அன்பான கணவர், பொறுப்பான தந்தை, பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் மெக்கானிக்’ என்பதுவரை எழுதிவிட்டு டானியலா பேனாவை வைத்தாள். அதற்கு மேல் ஒரு வரி வரமாட்டேன் என்றது. சிங்கப்பூர் பாசிர் ரிஸ் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கத்தின் மூன்றாம் நாள் காலை. மேசைமேல் நேற்றைய வேர்க்கடலைத் தோல். பத்தடி தள்ளி, இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே, பெட்டிக்குள் அப்பா சூசைநாதன். ஒன்பது மணிக்கு மூடி போட ஆள் வந்துவிடும். பத்தரைக்குத் திருப்பலி. அது முடியும் நேரத்தில் குடும்பத்திலிருந்து ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம் என்று ஃபாதர் சொல்லியிருந்தார்.

இருபத்தைந்து வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பவள் அவள். சொந்த அப்பாவுக்கு மூன்று நிமிடம் தேறவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மா அல்போன்சம்மாள் வந்து தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“சைக்கிள எழுதலையா?”

“அதுல என்னத்த எழுதுறது?”

“ஜெயிச்சத எழுது.”

“அம்மா, காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. சர்ச்சுல நின்னுக்கிட்டு இல்லாதத படிக்க முடியாது.”

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். வாய் திறந்தது, பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு மெழுகுவர்த்தி மாற்றப் போய்விட்டாள். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற அம்மா. டானியலாவுக்கு அது உறுத்தியது.

சைக்கிள் என்றால் அந்த வீட்டில் ஒன்றுதான், தீபகற்பச் சுற்று. பினாங்கில் கிளம்பி, பத்து நாளில் பத்துக் கட்டமாக சிங்கப்பூர் வந்து சேரும் பந்தயம். எல்லாக் கட்டத்து நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. அதன் சரித்திரம் அப்பாவுக்கு ஜெபமாலை மாதிரி மனப்பாடம். ஆரம்பத்தில் தபால்காரரும் போலீஸ்காரரும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் லீவு போட்டுவிட்டு வந்து ஓட்டினார்கள். எந்த வருடம் வெள்ளம் வந்து இரண்டு கட்டம் ரத்தானது, எந்த வருடம் கேமரன் மலை ஏற்றத்தை முதன்முதலாகச் சேர்த்தார்கள், எந்த வருடம் முன்னணிக் கூட்டம் மொத்தமும் வழி தவறிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றது, எல்லாம் வரும். தொண்ணூறுகளில் பெரிய கம்பெனிகள் வந்தன. ஐரோப்பாவிலிருந்து முழுநேரத் தொழில் வீரர்கள் வந்தார்கள், மேலே ஹெலிகாப்டர் பறந்தது. அப்பா அதையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் எழுபத்து நாலில்தான் வந்து நிற்பார். “ஒன்பதாம் கட்டம். மூவார் டு ஜொகூர் பாரு. நான்தான் ஃபர்ஸ்ட்.”

கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், புதுமனை புகுவிழா எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. சொந்தபந்தமே கேட்டுச் சலித்த கதை.

டானியலாவின் இருபத்து மூன்றாவது வயதில், அவளுடைய நிச்சயதார்த்த விருந்தில், மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஆரம்பித்தார். பல்கலைக்கழக நூலகத்தில் பந்தயத்தின் வெள்ளிவிழா மலரை அவள் பார்த்துவைத்திருந்தாள். அந்தப் பக்கத்தைப் படிகூட எடுத்துவைத்திருந்தாள். சிரித்துக்கொண்டே நீட்டினாள். “இங்க பாருங்கப்பா, ஸ்டேஜ் நைன் ஃபர்ஸ்ட் உங்க டீம்மேட் ரவூப் அங்கிள். நீங்க முப்பத்தொண்ணாவது. போதும்லா இந்தக் கதை.” எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “ஆமாம்லா, குழம்பிட்டேன்” என்றார்.

அதோடு சரி. இருபத்தெட்டு வருடம் அந்தக் கதை அவர் வாயில் வரவில்லை. பொய் சொன்ன மனிதர் பிடிபட்டதும் அடங்கிவிட்டார் என்று அவள் நினைத்தாள். கோபம் போய்விட்டது. ஆனால் ஏன் அப்படி ஒரு பொய் என்கிற கேள்வி மட்டும் செருப்புக்குள் சிக்கிய கல்லாக இருந்துகொண்டே இருந்தது. இனிக் கேட்கவும் ஆளில்லை.

எட்டேகாலுக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. ரவூப் இறங்கினார். எழுபத்தேழு வயது, வெள்ளைத் தொப்பி, கைத்தடி. தேக்கா வட்டாரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எழுபத்து நாலின் மஞ்சள் சட்டை அவருடையதுதான். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டு பிரியாணி பாசிர் ரிஸ் வந்து சேர்ந்துவிடும். ஆனால் அவர் வந்ததில்லை. கூட அவர் மகள் முனீரா, டானியலா வயதுக்காரி, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ரவூப் பெட்டி அருகே போய் நின்றார். உதடுகள் அசைந்தன. பிறகு அல்போன்சம்மாளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தங்கச்சி, பெட்டிய மூடறதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். பிள்ளையும் கேக்கணும்.”

“சொல்லுங்கண்ணே. அதுக்குத்தான் நானே ஃபோன் போட்டேன்,” என்றாள் அம்மா.

டானியலா பேனாவை மூடினாள்.

“எழுபத்து நாலு. பத்து பகாட் ஊரத் தாண்டி ஆறு மைல். கொட்டுற மழை. என் பின்சக்கரம் பஞ்சர். டீம் காரு எங்கேயோ பின்னால கெடக்கு. நான் டீமுக்கு லீடர். லீடருக்கு பஞ்சர்னா கூட ஓட்றவன் தன் சைக்கிளக் குடுத்துடணும், அதான் எங்க பழக்கம். சூசை எறங்கிக் குடுத்தான். ‘போ லா, நிக்காத’ன்னான். நான் போயிட்டேன்.”

“அப்பா என்ன பண்ணாரு?”

“ரோட்டோரம் உக்காந்து டயர மாத்தி, என் சைக்கிள்ல வந்தான். தனியா, நாப்பது மைல். எங்களப் புடிச்சான். புடிச்சவன் மூச்சு வாங்கிட்டுப் பின்னால நிப்பான்னு பாத்தா, நிக்கல. ஜொகூர் பாலத்துக்கு முன்னால ஒரு ஏத்தம், அதுல எல்லாரையும் உட்டுட்டுப் போயிட்டான். நான் எத்தனையோ பேரு ஓட்டிப் பாத்திருக்கேன்மா. அந்த மாதிரி ஒருத்தன் ஓட்டி நான் பாத்ததில்ல.”

பெட்டிக்குள் இருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது டானியலாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“முதுகு நம்பர் பூரா சேறு. சைக்கிள் கம்பியில தகரத்துல ஒரு நம்பர் மாட்டியிருக்கும். நடுவர் அதப் பாத்து எழுதிட்டாரு. அது என் நம்பர். அவன் சைக்கிள்ல பின்னால வந்த என்ன, அவன் நம்பர்ல முப்பத்தொண்ணாவதுன்னு எழுதினாரு. ரெண்டு பேருக்கும் ஒரே சட்ட, ஒரே கறுப்பு, ஒரே ஒல்லி. அவருக்கு என்ன தெரியும்?”

“நீங்க சொல்லியிருக்கலாமே அங்கிள்.”

“அரை மணி நேரத்துக்குள்ள ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாம். நான் கெளம்பினேன். உங்கப்பாதான் சட்டயப் புடிச்சு இழுத்தான். ஃபர்ஸ்ட் வந்தா முப்பது செக்கண்டு போனஸ். அந்த போனஸ்லதான் எனக்கு மஞ்சச் சட்ட வந்துது. ‘வாயக் குடுத்துக் கெடுத்துக்காத, நாளைக்கு ஒரு கட்டந்தான் பாக்கி’ன்னான். மறுநாள் சிங்கப்பூர்ல நான் சேம்பியன். பதினோரு செக்கண்டுல.” ரவூப் கைத்தடியின் பிடியைத் தேய்த்தார். “‘எனக்கு ஒண்ணும் வேணாம் ரவூப், என் வீட்டுல மட்டும் சொல்லிக்கிறேன்’னான். அவ்வளவுதான் கேட்டான்.”

உலகத்தில் அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அந்தக் கதவையும் அவள்தான் சாத்தினாள், அதுவும் பத்துப் பேர் முன்னால், சிரித்துக்கொண்டே. ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம் அவர். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்காமல் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

“அம்மா, உங்களுக்குத் தெரியுமா?”

“கல்யாணத்தன்னைக்கே சொன்னாரு. சத்தியமும் வாங்கிக்கிட்டாரு. அன்னைக்கு அந்தத் தாள நீ காட்டினப்போ உன் கன்னத்துல ஒண்ணு வைக்கலாம்னு இருந்துச்சு.” அல்போன்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அது எங்கிட்டேருந்து வரக்கூடாது. ரவூப் அண்ணன் வாயால வரணும்னு இருந்தேன்.”

முனீராவின் முகம் வெளுத்திருந்தது. அவளும் இப்போதுதான் கேட்கிறாள். “வாப்பா, ஃபிஃப்டி இயர்ஸ் தாண்டிடுச்சு. நம்ம கடை போர்டுலயே சேம்பியன்னுதான் போட்டிருக்கு. என் பிள்ளைங்க ஸ்கூல்ல போய்ச் சொல்லியிருக்காங்க. இப்ப போய் இது யாருக்கு வேணும்?”

“எனக்கு வேணும்மா. அடுத்தவங்க ஹக்கு, அதான் அவங்க உரிமை, என் கையில இருக்கு. அடக்கத்துக்கு முன்னால குடுத்துடணும். இல்லன்னா வாரிசுங்க பொறுத்துக்கணும். ரெண்டுல ஒண்ணு நடக்காம நான் எப்படிப் போய்ச் சேர்றது?” அவர் டானியலா பக்கம் திரும்பினார். “நீங்கதான் வாரிசு. சொல்லுங்க.”

மரியாதை தெரிந்த யாரும் சொல்லும் பதில் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பரவாயில்லை அங்கிள், அப்பாவே விட்டுக்கொடுத்தது, நாங்கள் பொறுத்துக்கொண்டோம். முனீராவும் அதைத்தான் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“பொறுத்துக்க மாட்டோம்,” என்றாள் அல்போன்சம்மாள். “வாங்கிக்கிறோம்.”

அம்மா நிதானமாகத் தொடர்ந்தாள். “கோவம் இல்லண்ணே. அவரு குடுத்தாரு, அது அவர் மனசு. ஆனா இன்னைக்கு அவர் வெறுங்கையோட போகக் கூடாது.”

ரவூப் தலையாட்டினார். அவர் முகத்தில் கலக்கம் இல்லை. பெரிய மூட்டையை இறக்கிவைத்த ஆளின் ஆசுவாசம்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். பந்தயக் கமிட்டிக்கு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம், கீழே அவருடைய கையெழுத்து. முதல் இடத்தில் யார் பெயர் வரவேண்டும், மஞ்சள் சட்டை யாருக்குப் போகவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார். அந்தச் சட்டை சேரவேண்டியிருந்தவர், இரண்டாவதாக வந்த ஈப்போக்காரர், எப்போதோ இறந்துபோயிருந்தார். அதையும் எழுதியிருந்தார். முனீரா எழுந்து தூண் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்தார்கள். டானியலா பெட்டிக்குள் குனிந்தாள். “தப்பு பண்ணிட்டேன்பா,” என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். மூடி போட நின்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

தேவாலயம் நிறைந்திருந்தது. பணிமனைக்காரர்கள், அக்கம்பக்கத்தார், பங்கு மக்கள். முதல் வரிசையில் அல்போன்சம்மாள். அவளுக்கு நேர் பின்னால் ரவூப்பும் முனீராவும். மகள் வரமாட்டாள் என்றுதான் டானியலா நினைத்தாள். வந்திருந்தாள், தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, இறுகிய முகத்தோடு.

நற்கருணை முடிந்ததும் ஃபாதர் கைகாட்டினார். டானியலா எழுதிவைத்த தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. பந்தயத்தின் கதையை நாலு வரியில் சொன்னாள். மழை, பஞ்சர், கைமாறிய சைக்கிள், தகரத்து எண். ரவூப்பைப் பார்த்தாள்; அவர் ‘சொல்லு’ என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார். தன் நிச்சயதார்த்தத்தில் என்ன செய்தாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அப்போது மட்டும் குரல் உடைந்தது. பிறகு, முடிவு அறிவிப்பவர்கள் படிக்கிற மாதிரியே நிமிர்ந்து படித்தாள்.

“தீபகற்பச் சுற்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. ஒன்பதாம் கட்டம், மூவாரிலிருந்து ஜொகூர் பாரு. முதல் இடம், சூசைநாதன், சிங்கப்பூர்.”

இரண்டாம் வரிசையில் ரவூப் எழுந்திருக்க முயன்றார். கைத்தடி வழுக்கியது. முனீரா ஒரு நொடி அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து, அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றாள்.

முன்வரிசைப் பக்கம் யாராவது எழுந்தால் தாங்களும் எழுந்துவிடுவது கத்தோலிக்கர்களுக்குச் சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். இறுதி மன்றாட்டு தொடங்கிவிட்டது போலிருக்கிறது என்று மூன்றாம் வரிசை எழுந்தது. அதைப் பார்த்து நாலாம் வரிசை. பெஞ்சுகள் கிறீச்சிட, கடைசிச் சுவர்வரை முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். பாடகர் குழு அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டியது. பீடத்தில் ஃபாதர் குழம்பிப்போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவரும் எழுந்தார்.

அல்போன்சம்மாள் மட்டும் எழவில்லை. ஒருமுறை திரும்பி, நிற்கிற கூட்டத்தைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முதுகு நிமிர உட்கார்ந்திருந்தாள்.