சம்பந்தி வாயில் வால்கொழுப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை எழுதும் உத்தேசமே இல்லை. கசாக்ஸ்தானின் சிம்கெண்டில், நான் உடலியல் பாடம் எடுக்கும் கல்லூரியின் மலருக்குக் குடல் ஹார்மோன்கள் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். இப்படித் தொடங்கினேன்:

"காலி இரைப்பை மூளைக்குப் பசி என்று சொல்லி அனுப்புகிறது. உணவு இறங்கியதும் குடல் போதும் என்று சொல்லி அனுப்புகிறது. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் மனிதன்..."

மனிதன் என்று எழுதியதும் மேல்மாடி ஓரின்பாசர் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆள் நூற்றுப் பதினெட்டு கிலோ. எழுப்பிவிட என்னால் ஆகவில்லை.

2

(முதல் தொடக்கம், கைவிடப்பட்டது: "ஓரின்பாசர் ஒரு தீனிப்பண்டாரம்." சேச்சே, அப்படி இல்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் பசிக்கும், அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: சர்க்கரை ஏறி, கால் விரல் கறுக்க ஆரம்பித்ததும் டாக்டர் அவருக்கு வாரம் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். குடல் அனுப்பும் "போதும்" என்ற செய்தியை நகலெடுத்த மருந்து. அசல் ஹார்மோன் சில நிமிடத்தில் கரைந்துவிடும். இது நாள்கணக்கில் ரத்தத்தில் நின்று மூளையிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். இரைப்பையும் சாவகாசமாகத்தான் காலியாகும். நான்கு மாதத்தில் சர்க்கரை இறங்கியது, விரல் தப்பியது. ஆட்டுக்கறியைக் கண்டாலே ஓரின்பாசருக்குக் குமட்டியது.

இந்த விஷயம் மனைவி குல்பாஷுக்கும், ஊசி போட்டுவிடும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கறி தின்ன முடியாத கசாக் ஆம்பிளை என்று ஊர் சிரிக்குமாம்.

3

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மகள் ஜாதிராவுக்கு வரன் அமைந்து, பையன் வீட்டில் முதல் விருந்து. வைத்த தட்டைத் தொட்டுவிட்டு அப்படியே நகர்த்திவிட்டார். "நம்ம கறி பெரிய மனுஷருக்கு எறங்கல போல," என்றார் பையனின் மாமா. அப்போதே ஊசியைச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு வீம்பு பிடித்த ஆளை வாசகர் நம்புவாரா? பார்த்துக்கொண்டிருந்த எனக்கே நம்ப முடியவில்லை.

அடுத்தது பெண் வீட்டில், சனிக்கிழமை. செம்மறியின் வால்கொழுப்பையும் ஈரலையும் சேர்த்து சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுவார்கள். உண்டால்தான் சம்பந்தம். பிற்பாடு தகராறு வந்தால் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்வி: வால்கொழுப்பு சாப்பிட்டீர்களா?

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: சிறுகுடலில் கொழுப்பு பட்டதும் "போதும்" சொல்ல இன்னொரு ஹார்மோன் தனியாகச் சுரக்கும். ஊசி போட்டவருக்கு ஊட்டக்கூடாத பொருளைத்தான் எங்கள் ஊர் சடங்காக வைத்திருக்கிறது.)

4

திங்கட்கிழமை ஊசியோடு மாடிக்குப் போனேன்.

"இந்த வாரம் வேணாம் தங்கச்சி. சனிக்கிழமைக்குள்ள பசி வந்துரும்ல?"

"வராதுண்ணே. போட்ட மருந்துல பாதி போகவே ஒரு வாரம் ஆகும்."

"அப்ப பாதி வயித்தால சாப்பிட்டுக்கிறேன்."

"உண்மையச் சொல்லிருங்களேன்."

"என்னன்னு? பொண்ணக் குடுக்கிறேன், ஒங்க கறி மட்டும் வேணாம்னா?"

அடுப்படியிலிருந்து குல்பாஷ் குரல் வந்தது. "முப்பது வருஷமா நான் போதும் போதும்னு கத்தினேன், காது கேக்கல. ஊசி சொன்னா மட்டும் கேக்குது!"

ஊசி போடாமலே கீழே இறங்கினேன். அது என் தப்பு.

5

சனிக்கிழமை மதியம் அவர் பக்கத்தில் எனக்கு இடம். தட்டு வந்தது. பையனின் அம்மா எழுந்து, கை நிறைய அள்ளினார்.

"வாயத் தெறங்க சம்பந்தி! பொண்ணு குடுக்கிற வாய் இத்துனூண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்குள் பாதி, கன்னத்தில் பாதி. ஓரின்பாசர் உதட்டை மூடினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் தொண்டை

(வேண்டாம். முடிவுகளைப் பார்ப்போம். ஒன்று: விழுங்கினார். இரண்டு: துண்டில் துப்பிவிட்டு உண்மையைச் சொன்னார், சம்பந்திகள் எழுந்து போனார்கள். மூன்று: பையனின் அப்பாவும் ரகசியமாக அதே ஊசி போடுகிறவர், இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இந்த மூன்றாவதை எழுதிவிட்டு வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். கை கழுவப் போகிறார் என்று குல்பாஷ் வழிவிட்டார். மூன்று நிமிடத்தில் சிரித்த முகமாகத் திரும்பினார். "ஆச்சு! சம்பந்தி ஆயிட்டோம்!" என்று பையனின் மாமா அவரைக் கட்டிப்பிடித்தார்.

6

பந்தி கலையும் முன்பே ஜாதிரா என்னை நடையில் மடக்கினாள்.

"அக்கா, நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. அப்பா முழுங்கினாரா?"

யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஃப்ரிட்ஜ்ல ஊசியப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சு. சொல்லுங்க."

"அவரையே கேளேன்டி."

"கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். முழுங்கினார்னா சொல்லுங்க, சந்தோஷமாப் போறேன். இல்லைன்னாலும் சொல்லுங்க. எங்கப்பாவால முடியாதத முடிஞ்சதா வச்சுக்கிட்டு நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

நான் பார்த்தேன். துண்டையும் பார்த்தேன். கட்டுரையாக இருந்தால் ஒரே வரியில் எழுதியிருப்பேன். ஆனால் எங்கள் ஊரில் அந்த ஒரு வரி சாட்சியம், அதற்கு ஒரு கல்யாணத்தைக் கட்டவும் தெரியும், அவிழ்க்கவும் தெரியும். அந்த மனிதர் எனக்கு அண்ணன். நான் எழுத மாட்டேன்.

நீங்களும் இவ்வளவு நேரம் அந்தப் பந்தியில்தான் இருந்தீர்கள். அவள் இப்போது உங்களைப் பார்த்துக் கேட்கிறாள்.