ராடோயேயின் பேரில் ஒரு ஒப்பாரி

எங்கள் மாண்டினீக்ரோ மலைகளில் பேரில்லாத ஒப்பாரி கிடையாது. பேர் சொல்லிப் பாடினால் அந்த ஆள் செத்திருக்க வேண்டும். இது தெரிந்தும், ஊர்ப் பாட்டுகளைக் கிட்டாரோடு தனியாகப் பாடி நான் வெளியிட்ட முதல் ஆல்பத்தில், கடைசிப் பாட்டான ஒப்பாரிக்கு, ஊரில் பஸ் ஓட்டும் என் தம்பி ராடோயேயின் பேரைப் போட்டேன். ஸ்டுடியோவில் வேறு எந்தப் பேருக்கும் அழுகை வரவில்லை. புத்தி கெட்டவள், வேறென்ன சொல்ல!

இன்று காலை உள்ளூர் வானொலியில் அதைப் போட்டார்கள். ஆல்பம் என்றோ பாட்டு என்றோ அறிவிப்பாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நகரத்து அறையில் உட்கார்ந்து பெருமையாகக் கேட்டேன். முடிந்ததும் போன் அடித்தது. அம்மாவின் பக்கத்து வீட்டு யெலிட்சா.

"அடிப்பாவி, தம்பி எப்படிடி போனான்? பஸ் பள்ளத்துல விழுந்துடுச்சா?"

"அக்கா, அது வெறும் பாட்டு! அவன் நல்லாத்தான் இருக்கான்!"

"பாட்டா? இங்க உங்கம்மா கறுப்பு முக்காடு போட்டுட்டா. துக்கம் கேக்க ஊரே காப்பியும் சாராயமுமா வந்து நிக்குது."

ராடோயே பனியில் மலைப்பாதையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அழைத்தேன், எடுக்கவில்லை. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது என்பது தெரியும். தெரிந்து என்ன பயன்? இருபது முறை அழைத்தேன். காரில் ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் தடுப்புக் கம்பி உடைந்திருக்கிறதா என்றே பார்த்தேன். கடவுளே, அவனை எடுத்துக்கொள்ளாதே என்று வாய்விட்டு அழுதேன்.

வீட்டு வாசலில் அவனுடைய பஸ் நின்றது. உள்ளே அவன் கையில் சாராயக் கோப்பை.

"வாக்கா! என் சாவுக்கு நீதான் லேட்டு. ஸ்டாப்புல என்னைப் பார்த்து ஒருத்தி மயங்கியே விழுந்துட்டா."

அவனைக் கட்டிக்கொண்டு முதுகில் குத்தினேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மா முக்காட்டை எடுக்கவில்லை.

"சாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்ட. இனி அது வெறுங்கையோட திரும்பாது," என்றாள். "சாயங்காலம் அவன் மறுபடி பஸ் எடுக்கணும். உட்காரு. என் பேரைப் போட்டு இப்பவே பாடு."

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா?"

"எனக்கு அறுபத்தெட்டு. அவனுக்கு முப்பத்திரண்டு. பாடுடி."

வந்திருந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அம்மா மார்பில் அறைந்துகொண்டு, தன் பேரைச் சொல்லித் தானே ஆரம்பித்தாள். பாய்ந்துபோய் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.