ஐந்துக்கு ஐந்து

டாக்டர் சிவசங்கரி அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"சூர்யகலா, நீங்களே பாருங்க. மொத்த வட்டாரத்துலயும் நானூறு பேருக்கு எடுத்தோம். முப்பது பேருக்குக் கூட பாசிட்டிவ் வரல. உங்க உப்பளத்துல மட்டும் அஞ்சுக்கு அஞ்சு. அஞ்சு பேருக்கும் ஒரே ரகக் கிருமி, பதினாறாம் நம்பர். இது எப்படிங்க?"

எப்படி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

பதினான்கு வருடமாக இந்தப் பகுதிக்குக் கிராம சுகாதார நர்ஸ் நான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பரிசோதனை செய்ய வாருங்கள் என்று எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாலும், போன ஜென்மத்துப் பகையாளியைப் பார்ப்பது போலத்தான் என்னைப் பார்ப்பாள். இந்த வருடம்தான், அந்த நோயைக் கொண்டுவரும் கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க எச்.பி.வி. சோதனை என்று ஒன்று வந்தது. யார் முன்னாலும் துணியை அவிழ்க்க வேண்டாம். மெல்லிய பிரஷ் ஒன்றைக் கொடுப்போம். அந்தப் பெண்ணே மறைவாகப் போய், உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடித் தர வேண்டும். அவ்வளவுதான். இதைவிட வசதி உண்டா என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உப்பளத்தில் மலர்கொடி தலைமையில் ஐந்து பெண்கள் சேர்ந்து உப்புக் கூடை தூக்குகிறார்கள். அங்கே ஏது கழிப்பறை? மோட்டார் ரூமுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி மறைவு செய்துகொடுத்தேன். ஐந்து பேருக்கும் ஐந்து பிரஷ், ஐந்து குழாய். நான் வரப்பில் நின்று, சிக்னல் கிடைக்காத டேப்லெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடத்தில் ஐந்து குழாயும் என் கைக்கு வந்துவிட்டன. எவ்வளவு சுறுசுறுப்பு என்று பாராட்டி, பெயர் ஒட்டிக் கொண்டுபோனேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

மறுநாள் காலை ஆறு மணிக்கே உப்பளத்துக்குப் போய் நின்றேன். பாத்தியிலிருந்து உப்பை அள்ளிக் குவியலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வணக்கம்கூடச் சொல்லவில்லை நான்.

"அஞ்சு குழாயையும் ஒருத்திதான் நிரப்பினீங்களா?"

அதைக் கத்தித்தான் கேட்டேன். கத்தியிருக்கக் கூடாது. பக்கத்துப் பாத்தியில் பலகை இழுத்துக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எதுக்கு சிஸ்டர் கத்துறீங்க?" என்றாள் மலர்கொடி. நாற்பத்தாறு வயது, அதிகாரமான ஆள். அவள் சொன்னால் மற்ற நான்கு பேரும் கேட்பார்கள். "பாசிட்டிவ்னு போன்ல வந்துச்சு. அஞ்சு பேருக்கும் மாத்திரை குடுங்க, போட்டுக்கறோம்."

"மாத்திரையா? அஞ்சு குழாய்லயும் ஒருத்தியோட கிருமிதான்க்கா இருக்குது. அதுவும் விடக்கூடாத ரகம். அவ யாருன்னு தெரியணும். ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அந்த நான்கு பேரில் ஒருத்தி ஜெயா, எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னாள். "நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, புருஷன் பொண்டாட்டி சேர்றதுல ஒட்டற கிருமின்னு. அதான், ஒன்பது வருஷமா புருஷன் முகத்தையே பாக்காதவ குடுத்தா அஞ்சும் சுத்தமா வந்துடும், யாரையும் ஆஸ்பத்திரிக்கு இழுக்க மாட்டாங்கன்னு..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை வந்தாயிற்று. எல்லோரும் பார்க்காதது போல அமராவதியைப் பார்த்தோம்.

அமராவதியின் புருஷன் பெங்களூருக்கு வேலைக்கென்று போனவன், போனவன்தான். அவளும் பத்தாவது படிக்கும் பெண்ணும் மாமியார் வீட்டில்தான் இருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்ய வைக்கக் கொழுந்தன் ஒரு சாக்கு கிடைக்காதா என்று காத்திருப்பது ஊருக்கே தெரியும். அவள் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள்.

"நான் குடுக்கல," என்றாள்.

நான் கிட்டே போய்க் குரலைத் தணித்தேன். "அமராவதி, இது கல்யாணமான புதுசுல ஒட்டினதா கூட இருக்கும். பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் சத்தமில்லாம உள்ள கிடக்கும். உன் மேல ஒரு தப்பும் இல்ல. இப்ப காட்டினா சின்ன வைத்தியத்துல போயிடும். விட்டாதான் புத்துநோயா மாறும்."

"உங்களுக்குத் தெரியுது சிஸ்டர். என் கொழுந்தன் படிச்சிருக்கானா இதையெல்லாம்? எவன்கிட்ட போனேன்னு கேப்பான். என் பொண்ணு காதுல விழற மாதிரி கேப்பான். நான் குடுக்கல, அவ்ளோதான்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சரி, பிசகு நடந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து எடுப்போம் என்று இரண்டு நாள் கழித்துப் புது பிரஷ், புது குழாய் எல்லாம் கொண்டுபோனேன். இந்தத் தடவை தார்ப்பாய்க்குள் நானே கூட வருவதாகச் சொன்னேன். ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் தொடவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், மேலதிகாரியிடம் சொல்வேன் என்று மிரட்டினேன். கல்லிடம் பேசியிருந்தால்கூட நகர்ந்திருக்கும்.

கடைசியில் ஜெயாதான் சொன்னாள். "நாங்க நாலு பேரும் திரும்பக் குடுத்தா என்ன ஆவும் சிஸ்டர்? நாலு பேருக்கும் இல்லன்னு வரும். மீதி ஒருத்திதான? அப்புறம் அவ யாருன்னு தமுக்கா அடிக்கணும்?"

அவர்கள் பாசம் புரிந்தது. அந்தப் பாசத்தின் மேலேயே ஆத்திரமும் வந்தது.

"அப்ப உங்க நாலு பேர்ல யாருக்காவது இருந்தா? அதுக்கும் இவதான் பொறுப்பா?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் மலர்கொடி.

"எப்படித் தெரியும்? நீங்க என்ன ஸ்கேன் மெஷினா?"

மலர்கொடி குழாய்ப் பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலையைப் பாருங்கடி என்றாள்.

அன்று மாலையே மலர்கொடியின் புருஷன் பாலகுரு சுகாதார நிலையத்துக்கு வந்து நின்றார். மீன்பிடிப் படகில் எஞ்சின் பார்க்கிறவர். பின்னால் மலர்கொடி. இடது கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்துப் பாத்தி ஆண்கள் காதில் விழுந்த என் கத்தல், டீக்கடை வழியாக ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அஞ்சு பேருதையும் ஒருத்திதான் குடுத்தாளாமே. அது இவளா இல்லையா? அத மட்டும் சொல்லு நர்சம்மா. நான் வேற ஒண்ணும் கேக்கல."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், மலர்கொடி தப்பித்துவிடுவாள். ஆனால் நாளைக்கு ஜெயாவின் புருஷன் வருவான். அவனுக்கும் இல்லை. அடுத்தவனுக்கும் இல்லை. நான்கு இல்லை சொல்லி முடிப்பதற்குள் அமராவதியின் பெட்டி தெருவில் இருக்கும். மலர்கொடி அந்த வீங்கிய கன்னத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று அவள் கண் சொன்னது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

"தெரியாதா? அப்ப இந்தக் கருமம் இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்ககிட்ட இருந்து கூட வந்திருக்கலாம்."

"ஏய், என்னா பேசற? நான் யார்கிட்டயும் போனவன் கிடையாது!"

"இவங்களும் போனவங்க கிடையாது. யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு உலகத்துல எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. கையை நீட்டறதுக்கு முன்னால அதைத் தெரிஞ்சுக்குங்க. வர்ற வியாழக்கிழமை அஞ்சு பேரையும் பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மா பாக்கறாங்க. நீங்களும் கூட வாங்க."

இது டாக்டர் சிவசங்கரி சொன்ன வழி. அன்று மதியம் நான் நடந்ததையெல்லாம் ஒப்பித்தபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, "காகிதத்துல அஞ்சு பேருக்கும் பாசிட்டிவ்தான? அப்ப அஞ்சு பேரும் நேர்ல வரணும். உள்ள நானே பாத்துக்கறேன், யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்," என்றார். மறுநாள் உப்பளத்தில் போய்ச் சொன்னேன். முதலில் தலையாட்டியது அமராவதி இல்லை, மலர்கொடி. "எல்லாரும் போறோம்டி. ஆளுக்கு ஒரே அளவு நேரம் உள்ள இருக்கணும். வெளியில வந்து எல்லாரும் ஒரே மாதிரி பேசணும்," என்று வரிசை எண்கூடப் போட்டுக் கொடுத்தாள். அமராவதி இரண்டாவது. தான் கடைசி.

வியாழக்கிழமை ஷேர் ஆட்டோவில் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பாலகுரு பைக்கில் பின்னாலேயே வந்தார், எவளாவது குதித்து ஓடிவிடுவாள் என்பது போல.

முதலில் போன ஜெயாவுக்குப் பார்வைக்கு ஒன்றும் இல்லை. டாக்டரே அவளிடமிருந்து புதிதாக மாதிரி எடுக்க, அவள் பெயரை நானே குழாயில் ஒட்டினேன். அடுத்து அமராவதி. கருப்பைவாயில் மருந்தைத் தடவியதும் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. பரவியிருக்கவில்லை. டாக்டர் வெப்பக் கருவியை வைத்து அங்கேயே அதைக் கருக்கினார். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட இல்லை.

"அவ்ளோதானா சிஸ்டர்?" என்று கேட்டாள் அமராவதி. இதற்காகவா இத்தனை பாடு என்பது போல இருந்தது அந்தக் கேள்வி.

"அவ்ளோதான். வருஷம் ஒரு தடவை வந்து காட்டணும். நீ வருவ, நான் விட மாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அடுத்த இரண்டு பேரும் ஜெயாவைப் போலவே மாதிரி கொடுத்துவிட்டுப் போனார்கள். இனிப் பயமில்லை, மலர்கொடியையும் பார்த்துவிட்டால் ஊரைப் பார்த்துக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

மலர்கொடி படுத்ததும் டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எவ்ளோ நாளாம்மா ரத்தம் போவுது?"

மலர்கொடி புடவையை இழுத்து முழங்காலை மூடப் பார்த்தாள்.

"தொட்டாலே கசியுது. எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷமா. உப்பு தூக்கறதுல சூடுன்னு நெனச்சேன்."

டாக்டர் சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பக் கொடுத்தார். பயாப்சி முடிவு வராமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும் என்றார். என்னை ஓரமாக அழைத்து, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று மெல்லச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. "ஒரு வருஷமாவாக்கா? ரெண்டு தடவை உங்க காலடியில வந்து நின்னேன். உங்க குழாய்ல நீங்களே எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே! வெட்கமா உங்களுக்கு? உங்களுக்கா வெட்கம்?"

"வெட்கம் இல்ல சிஸ்டர். பயம்." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்னுத எடுத்தா மாட்டிக்குவேன்னு எனக்குத் தெரியும். எங்கம்மா இப்படித்தான் ரத்தம் போயிப் போயி செத்துச்சு. அதான் அமராவதிகிட்ட, எனக்கு நீ எடுத்துக் குடுன்னு கேக்க நெனச்சேன். எனக்கு மட்டும் கேட்டா ஏன்னு கேப்பா. அதனால அஞ்சு பேருக்கும் அவளே எடுக்கட்டும், அவதான் சுத்தம்னு நான்தான் கெளப்பி விட்டேன். ஜெயா சொன்னதெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. என்னால அவ மாட்டிக்கிட்டாளேன்னுதான் இன்னைக்கு நானும் வந்தேன்."

அடி வாங்கியும், அது நானில்லை என்று அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நல்ல மனசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பாதிதான், மீதி பயம்.

"அவளுக்கு முடிஞ்சுதா சிஸ்டர்?"

"முடிஞ்சுது. சின்னத் திட்டு. எடுத்தாச்சு."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அஞ்சு குழாயும் நான் நிரப்பினதுன்னு வெளியில சொல்லிடுங்க. எனக்குத்தான் நிஜமாவே இருக்குதே, எல்லாரும் நம்புவாங்க. அவ பேரு இனி வரக்கூடாது."

பதினான்கு வருடத்தில் பதிவேட்டில் ஒரு பொய் எழுதியதில்லை நான். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் இன்னமும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

பெஞ்சில் நான்கு பெண்களும், எதிரே பாலகுருவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அஞ்சு குழாயும் மலர்கொடி நிரப்பினதுதான்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க. மத்தவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல."

ஜெயா வாயைப் பிளந்தாள். பாலகுரு விருட்டென்று எழுந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. பக்கத்துல படுத்திருக்கறவளுக்கு ஒரு வருஷமா ரத்தம் போவுது. அதைத்தான் நீங்க சொல்லல. போங்க, வீட்டுக்குப் போய் ஆதார் கார்டும் காப்பீட்டு அட்டையும் எடுத்துட்டு வாங்க. இன்னைக்கே அட்மிஷன் போடணும்."

"அட்மிஷனா? எதுக்கு?"

எதற்கு என்று சொன்னேன். அவர் படியிறங்கிப் போனார். கீழே பைக் வெகுநேரம் ஸ்டார்ட் ஆகவில்லை.

அமராவதி எழுந்து என் முன்னால் வந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் பாதி புரிந்தது போலிருந்தது. மீதியை நான் சொல்லவில்லை, அது மலர்கொடி சொல்ல வேண்டியது. மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு அமராவதி உள்ளே போனாள். நான் தடுக்கவில்லை.