நாலாவது நிமிஷத்து அடி

அந்த ஸ்டுடியோவின் சமையல் மூலையைப் பார்த்தவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. கழுவாத தேநீர்க் கோப்பைகளில் பூஞ்சை பச்சையாகப் பூத்திருந்தது. போன வெள்ளிக்கிழமை வாங்கிய சிப்ஸ் வினிகர் ஊறிய காகிதத்திலேயே கிடந்து நாறியது. நான்கு ஆண்கள் மூன்று வாரம் ஒழுங்காகக் குளிக்காமல் அடைந்து கிடந்து ஓர் ஆல்பம் செய்தால் இடம் இப்படித்தான் ஆகும். வெளியே கிளாஸ்கோ மழை. ஜன்னலையும் திறக்க முடியாது. லோர்ன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கெட்டிலில் தண்ணீர் பிடித்தான்.

லோர்ன் அந்த நால்வர் இசைக்குழுவின் ட்ரம்மர். பாடகர் என்று அவர்களிடம் யாரும் கிடையாது. கிதார் நாலு நிமிஷம் முனகும். பிறகு ட்ரம்ஸ் விழும், கூரை பிய்த்துக்கொண்டு போகும். கேட்க வருகிறவர்கள் அந்த ஓர் அடிக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முனகும் அந்த நாலு நிமிஷத்துக்கு அடியில் யாருடைய பேச்சையாவது ஓடவிடுவது இவர்கள் வழக்கம். பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கு நின்ற கிழவர், மீன் கடைக்காரி, இப்படி யாராவது. கிதார் வாசிக்கும் ஸ்ட்ரூவன் அதற்காகவே ஒரு சின்ன ரெக்கார்டரைக் கோட்டுப் பையில் ஓடவிட்டபடி திரிவான். பதினாறு வருஷமாக லோர்னும் இதற்குச் சிரித்தவன்தான்.

அன்று கடைசி நாள். ஐந்து மணிக்குள் ஆல்பம் இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். ஒலிப்பதிவு செய்யும் ஊனா, ஸ்ட்ரூவன் புதிதாகப் பேச்சு சேர்த்திருந்த ஆறாவது டிராக்கை ஓடவிட்டாள். கிதாருக்கு அடியில் ஒரு பெண் குரல் இருமியது. அந்த இருமலிலேயே லோர்னுக்குத் தெரிந்துவிட்டது. பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் செத்துப்போன அவன் அம்மா ஐனா.

"அவன் வராம இருக்க மாட்டான் கண்ணு," என்றது குரல். "வருவான். நாற்காலி நுனியில உக்காருவான். ரெண்டு தொடையிலயும் விரலால தட்டிக்கிட்டே இருப்பான். நான் வாயத் தொறந்தா தட்டு இன்னும் வேகமாயிடும். ஒரு தடவையாவது அவன் சும்மா உக்காந்தான்னா..."

தடாலென்று ட்ரம்ஸ் விழுந்தது. லோர்னின் ட்ரம்ஸ். அம்மாவின் மிச்சப் பேச்சு அதற்கடியில் நசுங்கிப் போனது.

"நிறுத்து," என்றான் லோர்ன்.

ஊனா நிறுத்தினாள். ஸ்ட்ரூவன் சோபாவில் சாய்ந்து சாசேஜ் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். தாடியில் பழுப்பு சாஸ் ஒட்டியிருந்தது.

"இது எப்ப எடுத்தது?"

"ஆஸ்பத்திரில உங்கம்மாவப் பாக்கப் போயிருந்தப்ப நீ கீழ டீ வாங்கப் போனேல்ல, அப்ப. ரெக்கார்டர் அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும்டா. ஆனா கேட்டதுக்கப்புறம் உனக்கே பிடிக்கும்னு நெனச்சேன்."

"சாகக் கெடக்கிற பொம்பள பக்கத்துல பையில மெஷின ஓடவிட்டு உக்காந்திருக்க. த்தூ. நீயெல்லாம் ஒரு மனுசனாடா?"

"மீன்காரி குரலப் போட்டப்ப நீதான்டா இன்னும் சத்தமா வைன்னு சொன்ன."

சொன்னது லோர்ன்தான். அந்த மீன்காரியின் வீட்டில் யார் கேட்டு என்ன பாடுபட்டார்களோ, அதை ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தானா? இல்லை.

"ஊனா, என் ட்ரம்ஸ மட்டும் எடுத்துட்டு ஓட்டு," என்றான். "அவங்க என்ன சொல்லி முடிச்சாங்கன்னு கேக்கணும்."

"வேண்டாம்டா," என்றான் ஸ்ட்ரூவன். ரொட்டியைக் கீழே வைத்தான்.

ஊனா ஓட்டினாள். கிதார், இருமல், நாற்காலி நுனி, விரல், எல்லாம் வந்தது. அடி விழ வேண்டிய இடத்தில் எதுவும் விழவில்லை.

"ஒரு தடவையாவது அவன் சும்மா உக்காந்தான்னா, எனக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு சொல்லிடுவேன். நர்ஸ்கிட்டகூடச் சொல்லல. அவன்கிட்டதான் சொல்லணும்னு வச்சிருக்கேன். நீ அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாத கண்ணு."

அதன் பிறகு அம்மா ஒன்பது நாள் உயிரோடு இருந்தாள். ஒன்பது நாளும் லோர்ன் திராட்சையோடு போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"ஒன்பது நாளுடா. தெரிஞ்சும் நீ சொல்லல," என்றான்.

"சொல்லாதன்னு அவங்களே சொன்னாங்க."

"ஊர் உலகத்துக்கெல்லாம் போட்டுக் காட்டலாம், எனக்குச் சொல்லக்கூடாது. அப்படித்தான?"

ஸ்ட்ரூவன் தாடியைத் துடைத்தான். மணி நாலரை.

"இத அழிச்சுடட்டுமாப்பா?" என்று ஊனா கேட்டாள். "ஒரு பட்டன்தான். சொல்லு."

அழி என்று சொல்லத்தான் லோர்ன் வாயைத் திறந்தான். அதற்குள் காது தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த வெறும் இடம், அடி விழாத அந்த இடம், இந்த ஆல்பத்திலேயே எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. பெற்றவளின் பயத்தைக் கேட்டுக்கொண்டே, இது நன்றாக இருக்கிறது என்று கணக்குப் போடும் காது. கண்றாவி.

"அழிக்காத," என்றான். "இப்படியே போகட்டும். என் ட்ரம்ஸ் வேண்டாம். கடைசி வரைக்கும்."

ஸ்ட்ரூவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "கடைசி வரைக்கும் அடியே விழாதா? எல்லாரும் இப்ப வரும் இப்ப வரும்னு காத்துக்கிட்டே இருப்பாங்க. வரவே வராது. டேய், இதக் கடைசி டிராக்கா வச்சிடலாம்டா. அபாரம்."

லோர்ன் எழுந்து சமையல் மூலைக்குப் போய், அந்தப் பூஞ்சைக் கோப்பைகளின் மேலேயே வாந்தி எடுத்தான். வாயைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். உட்கார வேறு இடமில்லை. ஸ்ட்ரூவன் பக்கத்திலேயே சோபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

"அனுப்புறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ முழுசாக் கேட்டுடலாம்," என்றாள் ஊனா.

கிதார் முனகியது. அம்மா இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். லோர்ன் குனிந்து பார்த்தான். அவன் விரல்கள் இரண்டு தொடையிலும் தட்டிக்கொண்டிருந்தன.