பதிமூன்றாம் சேனல்

குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கூட்டம் இணையத்தில். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளரை எதிர்த்து நிற்பவர் கீழ்த்தளத்துப் பல் டாக்டர். கண்காணிப்பாளர் மடிப்புக் கலையாத சட்டையில், மச்சினன் வெளிநாட்டில் வாங்கி அனுப்பிய லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. உரித்தால் உள்ளூர்ச் சரக்காகிவிடுமோ என்று பயம்.

லேப்டாப்புக்கு எதிர்வீட்டு வைஃபை தெரிந்தது, கீழே டாக்டர் கிளினிக்கின் வைஃபைகூடத் தெரிந்தது. சொந்த வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லை. ரூட்டரோ அலமாரி மேல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ரூட்டரை அணைத்துப் போட்டார். லேப்டாப்பைத் தூக்கி ரூட்டரின் மூஞ்சிக்கு நேரே காட்டினார்.

“என்ன, ரெண்டு பேரையும் அறிமுகம் பண்ணி வைக்கிறீங்களா?” என்றாள் மனைவி. “பேசாம போன்லயே பேசிடுங்களேன்.”

“நாலு மாடிக்கும் இந்த லேப்டாப்பப் பத்திச் சொல்லியாச்சுடி. இப்ப போன்ல வந்தா என் மரியாதை என்னாகிறது?”

வேறு வழியில்லை. கட்டடத்தில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் டாக்டர்தான். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

டாக்டர் திரையை ஒரு பார்வை பார்த்தார். “உங்க ரூட்டர் வைஃபைய எந்த அலைவரிசைல, அதான் எந்த சேனல்ல விடுது சார்?”

“பதிமூணு. நானே மாத்தினேன். மத்தவங்கெல்லாம் ஆறுலயும் பதினொண்ணுலயும் முட்டி மோதுறாங்க. பதிமூணுல நான் ஒருத்தன்தான். தனி ராஜபாட்டை!”

“அங்கதான் கோளாறு. இந்த லேப்டாப்ப வித்த நாட்டுல பதினொண்ணாம் சேனலோட சரி. அதுக்கு மேல இருக்கிறது இது கண்ணுக்கே தெரியாது. ஆறுக்கு மாத்துங்க, ரெண்டு நிமிஷ வேலை.”

“கூட்டத்தோட கூட்டமா, நானா? வேற ஆளப் பாருங்க.”

“அப்ப என் வைஃபைலயே, இங்கயே உக்காந்து பேசுங்க சார்.”

காலியாக இருந்தது நோயாளி நாற்காலி ஒன்றுதான். டாக்டர் லேப்டாப்பைக் கருவித் தட்டில் வைத்து, மேல்விளக்கையும் போட்டுவிட்டு, போனோடு பக்கத்து அறைக்குப் போனார்.

கண்காணிப்பாளர் வெளுத்து வாங்கினார். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், குப்பை என்று ஒன்றையும் விடவில்லை. அவருக்குப் பின்னால் சுவரை அடைத்த போஸ்டரில் டாக்டரின் சிரித்த முகம், அதன் கீழே, “உங்கள் கவலையை எங்களிடம் விடுங்கள்.”

ஆவேசத்தில் முழங்கை கைப்பிடிப் பொத்தானில் பட்டது. நாற்காலி மெல்லச் சாய்ந்தது. முப்பத்தாறு வீடுகளின் திரையிலும் அவருடைய நெற்றி இறங்கியது, மூக்கு இறங்கியது, கடைசியில் டாக்டர் மட்டும் மிஞ்சினார். கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்து முழங்கிக்கொண்டே இருந்தார்.

கால் மணி நேரத்தில் டாக்டர் எட்டிப் பார்த்தார். “மன்னிச்சுக்குங்க சார், நான்தான் ஜெயிச்சேனாம். ஆனா எல்லாரும் உங்க லேப்டாப்பத்தான் விசாரிச்சாங்க. என் போஸ்டர்ல இருக்கிற போன் நம்பர் வரைக்கும் பளிச்சுனு தெரிஞ்சுதாம்.”

மல்லாந்து கிடந்த கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது.

“பின்ன? வெளிநாட்டுச் சரக்காச்சே!”